‘டை’ ஊசிக்கு முன்னால் கிட்னியைக் கவனியுங்கள்!

“டாக்டர், திங்கட்கிழமை இவருக்கு ஆஞ்சியோ. ‘டை’ போட்டா கிட்னி போயிடும்னு பக்கத்து வீட்டுல பயமுறுத்தறாங்க. முன்னாடியே நெருஞ்சில் கஷாயம் கொடுத்து கிட்னியைச் சுத்தம் பண்ணிடட்டுமா?”

கையில் நெருஞ்சில் பொட்டலத்தோடு வந்து நின்றார் அந்த அம்மாள். கணவர் ஓய்வு பெற்ற ஆசிரியர், வயது 62. 14 வருடமாக ரத்தக்கொதிப்பு.

“இப்ப வேண்டாம்மா” என்றேன். ஒரு சித்த வைத்தியரே நெருஞ்சிலை வேண்டாம் என்கிறாரே என்று இருவருக்கும் ஆச்சரியம்.

‘டை’ என்றதும் ஏதோ சாயம் என்று நினைத்துவிடாதீர்கள். அயோடின் கலந்த, நிறமில்லாத திரவம் அது. எக்ஸ்ரே கதிர் அதைத் தாண்டிப் போகாது என்பதால் ரத்தக் குழாயின் அடைப்பு படத்தில் பளிச்சென்று தெரியும். வேலை முடிந்ததும் அதை வெளியேற்றுவது சிறுநீரகம்தான். நல்ல சிறுநீரகம் ஒரே நாளில் பெரும்பகுதியை வெளியே தள்ளிவிடும். தளர்ந்துபோன சிறுநீரகத்தில்தான் சிக்கல். அங்குள்ள நுண்ணிய ரத்தக் குழாய்கள் சுருங்கி, வடிகுழாய்ச் செல்கள் அடிபடலாம்.

சரி, பி.பி.க்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ 10 லட்சம் வடிகட்டிகள். வருடக்கணக்கில் அதிக அழுத்தத்தில் ரத்தம் வந்து மோதினால் அவை ஒவ்வொன்றாக ஓய்ந்துபோகும். வலி கிடையாது, வீக்கம் கிடையாது. பாதி வேலைத்திறன் போன பிறகுதான் சிலருக்கு ரத்தத்தில் கிரியேட்டினினே கூட ஆரம்பிக்கும். பி.பி. மாத்திரையை ஒழுங்காக விழுங்குகிறவர்கள்கூட இந்தப் பரிசோதனையை மறந்துவிடுகிறார்கள்.

நம் ஆசிரியரும் அப்படித்தான். 14 வருடத்தில் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை! அன்றே பார்க்கச் சொன்னேன். 1.9. சாதாரணமாக 1.2-க்குள் இருக்க வேண்டியது. வயதையும் சேர்த்துக் கணக்கிட்டால் வடிகட்டும் திறன் 40-ஐ ஒட்டி வந்தது. 30-க்குக் கீழே இருப்பவர்களுக்குத்தான் ‘டை’யால் ஆபத்து அதிகம். இவர் அந்த எல்லைக்கு வெகு தூரத்தில் இல்லை.

“வேற ஏதாவது மாத்திரை சாப்பிடறீங்களா சார்?”

கொஞ்ச நேரம் மௌனம். பிறகு அந்த அம்மாள்தான் போட்டு உடைத்தார். “முட்டி வலிக்கு மெடிக்கல் ஷாப்புல கேட்டு ரெண்டு வருஷமா ஏதோ போட்டுக்கறார் டாக்டர். என்கிட்டயே மறைச்சிட்டார்.”

எனக்குக் கோபம்தான் வந்தது. ‘டை’யைக் கண்டு பயந்தவர்கள், தினம் விழுங்கிய வலி மாத்திரையைப் பற்றி யோசிக்கவே இல்லை பாருங்கள்!

நெருஞ்சில் விஷயத்துக்கு வருகிறேன். அது சிறுநீரைப் பெருக்கும் மூலிகை. நானே பலருக்குக் கொடுக்கிறேன். ஆனால் ‘டை’ போடும்போது உடம்பில் நீர் வற்றக் கூடாது. 1994-ல் வெளியான ஓர் ஆய்வில், சலைன் மட்டும் ஏற்றியவர்களைவிட, கூடவே சிறுநீர் பெருக்கும் ஆங்கில மருந்தும் கொடுக்கப்பட்டவர்களுக்கே சிறுநீரக பாதிப்பு அதிகமாக இருந்தது. பற்பம், செந்தூரம் சாப்பிடுகிறவர்கள் அதையும் இதய டாக்டரிடம் கட்டாயம் சொல்லிவிடுங்கள். ‘நாட்டு மருந்துதானே’ என்று மறைக்காதீர்கள்.

ஆசிரியரிடம் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தனுப்பினேன். இதய டாக்டர் வலி மாத்திரையை அடியோடு நிறுத்தினார். சர்க்கரைக்கான மெட்ஃபார்மினை 2 நாள் தள்ளி வைத்தார். பி.பி. மாத்திரையில் எது வேண்டும், எது வேண்டாம் என்பதையும் அவரே முடிவு செய்தார். (நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள்!) முதல் நாள் இரவே சலைன் ஏற்றி, முடிந்தவரை குறைந்த அளவு ‘டை’யில் வேலையை முடித்தார்கள். இதயம் பலவீனமானவர்களுக்கு அதிக நீரும் ஆபத்து என்பதால், வீட்டில் குடம் குடமாகத் தண்ணீர் குடிப்பது சரியல்ல.

மாரடைப்பு வந்து துடிக்கிறவருக்குக் கிரியேட்டினின் பார்த்துக்கொண்டு காத்திருக்க முடியாது. அங்கே உயிர்தான் முதலில். ‘டை’யின் ஆபத்தை முன்பு மிகைப்படுத்திவிட்டோம் என்றே இன்று சிறுநீரக நிபுணர்கள் கருதுகிறார்கள். பயந்துபோய்ப் பரிசோதனையையே தட்டிக் கழித்தால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

கெடுதல் இருந்தால் பெரும்பாலும் 2, 3 நாளில் ரத்தத்தில் தெரிந்துவிடும். மூன்றாம் நாள் ஆசிரியருக்கு 2.1. அந்த அம்மாளுக்கு முகமே வாடிவிட்டது. இரண்டு வாரம் கழித்து மறுபடி பார்த்தபோது 1.8.

ரிப்போர்ட்டைக் காட்ட வந்தவர் பையிலிருந்து அதே பொட்டலத்தை எடுத்தார்.

“இதை என்ன டாக்டர் பண்றது?”

“இங்கேயே வெச்சிட்டுப் போங்கம்மா. முட்டி வலிக்கு வேற தைலம் தர்றேன், மேலே தேய்க்க மட்டும்.”