ரோட்டரிக்குக் கொடுக்கும் ரூபாய் எங்கே போகிறது?

போலியோ சொட்டு மருந்து முகாமில் கட்டியிருக்கும் பேனரைப் பார்த்தால் ஒரு மூலையில் பற்சக்கரம் இருக்கும். ரோட்டரி சங்கத்தின் சின்னம். அரசாங்கம் போடும் மருந்துக்கு இவர்கள் எதற்கு என்று தோன்றலாம்.

இந்த வேலையில் ரோட்டரி 1979-லேயே இறங்கிவிட்டது. பிலிப்பைன்ஸில் சுமார் 60 லட்சம் குழந்தைகளுக்குச் சொட்டு மருந்து கொடுக்கும் பொறுப்பை அப்போது ஏற்றது. 1985-ல் ‘போலியோ பிளஸ்’ என்று உலகம் முழுமைக்கும் திட்டம் அறிவித்து, 12 கோடி டாலர் திரட்டுவதாகச் சொன்னார்கள். சேர்ந்ததோ 24.7 கோடி. 1988-ல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் ரோட்டரியும் சேர்ந்து போலியோ ஒழிப்பைத் தொடங்கியபோது, ஆண்டுக்குச் சுமார் மூன்றரை லட்சம் பேர் இந்த நோயால் முடங்கிக்கொண்டிருந்தார்கள். இயற்கையான போலியோ வைரஸால் பாதிக்கப்பட்ட இந்தியாவின் கடைசி நோயாளி 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தின் ஹவுராவில் கண்டறியப்பட்ட குழந்தை. 2014 மார்ச் 27 அன்று நமக்கு ‘போலியோ இல்லை’ என்ற சான்று கிடைத்தது. பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும் அது இன்னும் ஒழியவில்லை. அதனால் வசூலும் நிற்கவில்லை. போலியோவுக்காக ரோட்டரி திரட்டும் ஒவ்வொரு டாலருக்கும், ஆண்டுக்கு 5 கோடி டாலர் வரை, கேட்ஸ் அறக்கட்டளை இரண்டு டாலர் சேர்த்துக் கொடுக்கிறது.

போலியோ நிதிக்கென்று சொல்லிக் கொடுக்காமல், ரோட்டரி அறக்கட்டளையின் பொதுவான ஆண்டு நிதிக்குக் கொடுத்தால் கணக்கு வேறு. அந்தப் பணம் உடனே செலவாகாது. மூன்று ஆண்டு முதலீட்டில் இருக்கும். அதில் வரும் வருமானம் நிர்வாகச் செலவுக்கு உதவும். பிறகு ஏறக்குறைய பாதி, கொடுத்தவரின் ரோட்டரி மாவட்டத்துக்கே திரும்பி வரும். (கலெக்டர் இருக்கும் மாவட்டம் அல்ல இது, ரோட்டரி தன் வசதிக்குப் பிரித்துக்கொண்ட எல்லை.) மறுபாதி உலக நிதிக்கு. குழந்தைகள் வார்டுக்குக் கருவி வாங்குவது போன்ற பெரிய திட்டம் என்றால், உள்ளூர்ச் சங்கம் வெளிநாட்டுச் சங்கம் ஒன்றைத் துணைக்குப் பிடித்து, குறைந்தது 30,000 டாலருக்குத் திட்டம் போட்டு, உலக நிதியிலிருந்தும் பங்கு கேட்கலாம். மூன்று ஆண்டு என்பது பொறுமையைச் சோதிக்கும்தான். ஆனால் மேடையில் ஆளுயரக் காசோலையைப் பிடித்துப் படம் எடுத்துக்கொள்வதைவிட, இப்படிக் காத்திருந்து வரும் பணமே பெரிய வேலைகளைச் செய்கிறது என்பது என் எண்ணம்.

ரோட்டரி போன்ற இன்னொரு சேவை அமைப்பான அரிமா (லயன்ஸ்) சங்கத்தில் ஒரு நல்ல விதி உண்டு. பொதுமக்களிடம் வசூலித்த பணம் பொதுமக்களுக்கே போக வேண்டும்; சங்க விருந்துக்கும் வாடகைக்கும் உறுப்பினர் சந்தாவிலிருந்துதான் எடுக்க வேண்டும். அதற்காக இரண்டு கணக்குகளையும் தனித்தனியாக வைக்கிறார்கள்.

எனவே பள்ளிக்குக் கழிப்பறை, அங்கன்வாடிக்குச் சத்துணவு என்று யாராவது ரசீதுப் புத்தகத்தோடு வந்தால், பணம் எந்தக் கணக்குக்குப் போகிறது என்று கேளுங்கள். ரசீது சங்கத்தின் பெயரிலா, அறக்கட்டளையின் பெயரிலா என்றும் பாருங்கள்; வரிச் சலுகை அதைப் பொறுத்தது. வருமான வரிச் சலுகை பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்குத்தான்; அதிலும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கிடையாது. வங்கி வழியாகவே கொடுங்கள்.