பட்டுக்கு டெஸ்ட் ஓகே... ரத்தத்துக்கு?

எங்க செய்யாறு பக்கம் கல்யாணம்னா ஆரணிக்குத்தான் வண்டி விடுவாங்க. ஜரிகையைச் சுரண்டிப் பார்த்துட்டுத்தான் முகூர்த்தப் பட்டுக்குப் பணம் எண்ணுவாங்க. பத்துப் பொருத்தமும் பார்ப்பாங்க. ஒரு ரத்த டெஸ்ட்? ம்ஹூம்!

எதுக்குங்கறீங்களா? தலசீமியானு ஒரு பரம்பரை ரத்தக் குறைபாடு. அந்த மரபணு ஒண்ணு மட்டும் இருந்தா, நீங்க ஜம்முனு கிரிக்கெட் ஆடலாம், வெளியே தெரியாது. ஜோடியில ரெண்டு பேருக்கும் இருந்தாத்தான் சிக்கல். குழந்தைக்குக் கடுமையான தலசீமியா வர நாலுல ஒரு சான்ஸ். வந்தா, சில வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏத்தணும். 'முதல் குழந்தை தப்பிச்சாச்சு'னு உட்கார முடியாது பாஸ்... ஒவ்வொரு பிரசவத்துக்கும் புதுசா டாஸ்!

சொந்தத்துல கட்டினா, ஒரே தாத்தாகிட்ட இருந்து அந்த மரபணு ரெண்டு பேருக்கும் வந்திருக்க வாய்ப்பு அதிகம். 2019-21 தேசியக் குடும்பநல சர்வேப்படி, தமிழ்நாட்டுல கல்யாணமான பெண்கள்ல நூத்துக்கு 28 பேர் சொந்தத்துலதான் கட்டியிருக்காங்க.

சைப்ரஸ் நாட்டுல சர்ச் கல்யாணத்துக்கு 'டெஸ்ட் எடுத்தாச்சு'ங்கற சான்றிதழ் கேப்பாங்க. அதுல ரிசல்ட் இருக்காது. முடிவு ஜோடி கையில!

எங்க அக்காவுக்கு அத்தை பையனைப் பேசினப்ப, 'ஹீமோகுளோபின் ஏ2 டெஸ்ட்'னு மெதுவா இழுத்தேன். "என் பொண்ணுக்கு என்னடா குறை?"னு அம்மா சாமியாடிட்டாங்க. அக்காவும் மாமாவும் சத்தமில்லாம லேபுக்குப் போய்க் கை நீட்டிட்டு வந்தாங்க.

ரிசல்ட்டா? அது அவங்க ரெண்டு பேர் சமாச்சாரம். நீங்க பத்திரிகை அடிக்கிறதுக்கு முன்னாடியே எடுத்துடுங்க, ப்ளீஸ்!