கோடை உழவுக்கு முன் ஒரு நிமிடம்... கொறங்காட்டுக்கு வரும் அரிய விருந்தாளிகள்!

சித்திரை, வைகாசியில் கொங்கு மண்டலத்தின் மானாவாரிக் காடுகள் காய்ந்து கிடக்கும். காங்கேயம், தாராபுரம், மூலனூர் வட்டாரங்களில் வெள்வேல மரங்களும் கிளுவை வேலியும் மட்டும்தான் கண்ணில் படும். ஆனால், எங்கும் பார்க்கக் கிடைக்காத சில பறவைகள் முட்டையிடத் தேர்ந்தெடுப்பது இந்தக் காய்ந்த நிலத்தைத்தான்.

அவற்றில் முக்கியமானது, கல்குருவி. செம்பழுப்பு உடல், நீண்ட வெளிர் கால்கள், கண்ணை ஒட்டி கறுப்பு வெள்ளைக் கோடுகள். சில அடி விறுவிறுவென ஓடும், சட்டென நிற்கும், குனிந்து ஒரு பூச்சியைக் கொத்தும். வண்டுகளும் வெட்டுக்கிளிகளும் இதன் உணவு. இதன் நெருங்கிய உறவான ஜெர்டான் கல்குருவி, 1900-க்குப் பிறகு யார் கண்ணிலும் படாமல், 1986-ல்தான் ஆந்திராவின் கடப்பா பகுதியில் மீண்டும் காணப்பட்டது. வாழிடம் சுருங்கினால் ஒரு பறவைக்கு என்ன நேரும் என்பதற்கு இது ஓர் எச்சரிக்கை.

அடுத்தது, கல்கவுதாரி. காலை வேளையில் குட்டைகளுக்குக் கூட்டமாகத் தண்ணீர் குடிக்க வரும். ஆண் பறவை தன் வயிற்று இறகுகளில் தண்ணீரை நனைத்து எடுத்துப் போய்க் குஞ்சுகளுக்குக் கொடுக்கும். மூன்றாவது, மஞ்சள்மூக்கு ஆள்காட்டி. இதுவும் வயிற்றை நனைத்து வந்து, வெயிலில் வேகும் முட்டைகளைக் குளிர்விக்கும்.

உழவும் முட்டையும்

இவை மரத்தில் கூடு கட்டுவதில்லை. வெறும் தரையில், சிறு பள்ளத்தில் முட்டையிடும். முட்டைகள் மண் நிறத்தில் புள்ளிகளோடு இருப்பதால், பக்கத்தில் நின்றாலும் தெரியாது. கோடை மழை பெய்ததும் தரிசில் டிராக்டர் இறங்குவதும் இதே நேரத்தில்தான். கோடை உழவு மண்ணுக்கு நல்லது, கூட்டுப்புழுக்களை அழிக்கும். அதைக் கைவிடச் சொல்ல முடியாது. கொஞ்சம் கவனித்தால் இரண்டையும் காப்பாற்றலாம்.

என்ன செய்யலாம்?

* உழவுக்கு முதல் நாள் காலையில் காட்டைச் சுற்றி வாருங்கள். ஆள்காட்டி கத்திக்கொண்டே தலைக்கு மேல் வட்டமிட்டால், பக்கத்தில் கூடு இருக்கிறது என்று அர்த்தம்.
* கூட்டின் மேலேயே குச்சி நட வேண்டாம். காக்கைக்கும் நாய்க்கும் வழிகாட்டியதுபோல ஆகிவிடும். சில அடி தள்ளி இரண்டு பக்கமும் அடையாளம் வைத்து, அந்தத் திட்டை மட்டும் விட்டுவிட்டு உழுங்கள்.
* ஆள்காட்டி முட்டை பொரிக்க ஏறத்தாழ நான்கு வாரம் ஆகும். குஞ்சுகள் பொரித்த கொஞ்ச நேரத்திலேயே நடக்கத் தொடங்கும். பிறகு அந்தத் திட்டையும் உழுதுவிடலாம்.
* முட்டையைக் கையால் தொடாதீர்கள். கூட்டருகே அதிக நேரம் நிற்காதீர்கள். தாய்ப்பறவை விலகினால் வெயிலே முட்டையைக் கெடுத்துவிடும்.
* கண்ணி வைத்துப் பிடிப்பதும், முட்டைகளை எடுப்பதும் 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

கொழுக்கட்டைப்புல் வளரும் கொறங்காடுதான் காங்கேயம் மாடுகளுக்கு மேய்ச்சல் நிலம். அது வீட்டுமனையாக மாறினால் மாட்டோடு கல்குருவியும் போய்விடும். மேய்ச்சல் நிலமாகவே நீடித்தால், வரும் கோடையிலும் இரண்டும் அங்கே இருக்கும்.