டிரம்மில் காய்ச்சினால் என்ன, சார்?

எட்டாம் வகுப்பில் பின்னக் காய்ச்சி வடித்தல் கோபுரத்தைக் கரும்பலகையில் வரைந்துகொண்டிருந்தேன். மேலே வாயு, அடுத்துப் பெட்ரோல், மண்ணெண்ணெய், டீசல், அடியில் தார். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல்: "இவ்ளோ பெரிய கோபுரம் எதுக்கு சார்? எங்க சித்தப்பா டிரம்முலயே காய்ச்சுவாரு."

வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. மெக்கானிக் கடைகளில் கழித்த இன்ஜின் ஆயிலை வாங்கி, வீட்டுக்குப் பின்னால் காய்ச்சி, எரிபொருளாக விற்கிறாராம். அந்த வருமானத்தில்தான் இவன் படிக்கிறான்.

கேள்வி நியாயமானது. கோபுரத்திலும் டிரம்மிலும் தத்துவம் ஒன்றே: சூடாக்கினால் ஆவி, குளிர்ந்தால் திரவம். ஆனால் ஆலையில் எல்லாம் மூடிய கலங்களில் நடக்கிறது. வாயுவைப் பிடித்துக்கொள்கிறார்கள், கந்தகத்தைப் பிரிக்கிறார்கள், அடியில் தங்கும் தார்கூடச் சாலைக்குப் போகிறது. டிரம்மில் பிடிபடாத வாயு நேரே காற்றுக்கு. மிஞ்சும் கசடு அடுப்புக்கோ மண்ணுக்கோ. கழித்த ஆயிலில் இன்ஜின் தேய்ந்து கலந்த உலோகத் துகள்களும், ஆயிலில் முதலிலேயே சேர்த்த துத்தநாகச் சேர்மங்களும் உண்டு. உலோகம் எரிந்து மறைவதில்லை. புகையோடு போகும் அல்லது சாம்பலில் தங்கும். அதனால்தான் 2016ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகள், இதைப் பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடமே கொடுக்கச் சொல்கின்றன.

இப்படிக் காய்ச்சுவது பெருகினால் என்னவாகும் என்பதை நைஜீரியாவின் போர்ட் ஹார்கோர்ட் நகரம் காட்டுகிறது. குழாய்களில் திருடிய கச்சா எண்ணெயை அந்த வட்டாரத்தில் திறந்த நெருப்பில் காய்ச்சுகிறார்கள். 2016 இறுதியிலிருந்து வீட்டுத் தரையிலும் துணியிலும் கரி படிவதாக மக்கள் முறையிட்டார்கள். 2022 ஏப்ரலில் அண்டை இமோ மாநிலத்தில் இப்படியொரு இடம் வெடித்து நூறு பேருக்கு மேல் இறந்தார்கள்.

கரி ஏன் வருகிறது என்று கேட்டேன். விருத்தாசலத்துப் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. பீங்கான் சூளை வேலைக்குப் போகும் ஓர் அம்மாவின் மகள் சொன்னாள்: "காத்து பத்தலைன்னா பொம்மை கறுத்துடும் சார்." ஆக்சிஜன் போதாத எரிதலுக்கு இதைவிட நல்ல விளக்கம் என்னிடம் இல்லை.

சூளையில் ஒதுக்கிய வெள்ளைப் பீங்கான் துண்டுகளை அவளே கொண்டுவந்தாள். மெல்ல வாசலின் தடவி, பின்பக்கம் எண் மட்டும் எழுதி, ஆளுக்கொன்றாக வீட்டு ஜன்னலில் 7 நாள் வைக்கச் சொன்னேன். பெயர் எழுதவேண்டாம் என்றதற்குக் காரணம் உங்களுக்குப் புரியும். பிறகு கைலென்ஸால் பார்த்தோம். இதில் தெரிவது பெரிய துகள்கள்தான். நுரையீரலின் ஆழம்வரை போகும் பிஎம் 2.5 கண்ணுக்குத் தெரியாது. அதற்கு நம் நாட்டின் 24 மணி நேர வரம்பு, கனமீட்டருக்கு 60 மைக்ரோகிராம்.

14ஆம் எண் துண்டுதான் எல்லாவற்றிலும் கறுப்பு. யாருடையது என்று நான் கேட்கவில்லை. மணி அடித்தபின் கடைசி பெஞ்ச் பையன் மேசையருகே வந்து நின்றான்.

"இத சித்தப்பாகிட்ட காட்டட்டுமா சார்?"

பழைய செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தேன். சனிக்கிழமை நானும் வருவதாக வீட்டில் சொல்லச் சொன்னேன்.