கொள்கலன்களின் தோற்றமும் முடிவும்

வழங்கி எனப்படும் கணினியில் பல மென்பொருள்கள் ஒருங்கே இயங்குகின்றன. ஒன்றன் குறை மற்றொன்றைத் தாக்காதவாறு அவற்றைத் தனித்தனிக் கொள்கலன்களில் இட்டு இயக்குவர். 2013ஆம் ஆண்டில் வெளிவந்த டாக்கர் என்னும் கருவி இம்முறையை எங்கும் பரப்பியது.

மாணவர்களே! ஆக்கப்படுதல், இயங்கத் தொடங்குதல், இறத்தல், நீக்கப்படுதல் என்பன கொள்கலனின் வாழ்க்கை நிலைகளாம். இவை ஒவ்வொன்றையும் டாக்கர் நேரத்துடன் அறிவிக்கும். இறப்புச் செய்தியுடன் முடிவெண் ஒன்றும் வரும். அது 0 ஆயின், கொள்கலன் தன் பணியை முடித்து ஓய்ந்தது. 137 ஆயின், வலிந்து நிறுத்தப்பட்டது எனக் கொள்ளலாம். நினைவகம் போதாமையும் அதற்கு ஒரு காரணமாகும்.

இறந்த கொள்கலன் தானே மீண்டும் எழுமாறு அமைத்தலும் உண்டு. அது நன்மையே; எனினும் அதனுள் ஓர் இடர் மறைந்துள்ளது. ஒரு மணி நேரத்தில் இருபது முறை விழுந்தெழும் கொள்கலனும், நாம் நோக்கும்பொழுது நலமுடன் இயங்குவதாகவே தோன்றும். நிகழ்ச்சிகளைத் தொடர்ந்து கண்காணிப்பவர்க்கே அதன் நோய் புலனாகும்.

டாக்கரோ அண்மையில் நிகழ்ந்த 256 நிகழ்ச்சிகளையே திருப்பிக் காட்டவல்லது. ஆதலின் அவற்றை அவ்வப்போது வேறிடத்தில் பதிந்து வைத்தல் வேண்டும். விளக்கு எரிவதைக் காண்பதோடு, அஃது எத்தனை முறை அணைந்தது என்பதையும் குறித்து வைப்பவனே நல்ல காவலன் ஆவான்.