தசைநோய் உள்ள குழந்தைக்கு மயக்க மருந்தில் ஏன் தனிக் கவனம்?

டுஷேன் தசைச்சிதைவு ஒரு பிறவி நோய். பெரும்பாலும் ஆண் குழந்தைகளையே தாக்குகிறது. தசைச் செல்லின் உறையைத் தாங்கிப் பிடிக்கும் டிஸ்ட்ரோபின் என்ற புரதம் இவர்கள் உடலில் உருவாவதில்லை. 

உறை பலவீனமானால் அறுவை அரங்கில் என்ன ஆகும்?

வயல் வரப்பை நினைத்துக்கொள்ளுங்கள். கெட்டியான வரப்பு திடீர் வெள்ளத்தையும் தாங்கும். கரைந்துபோன வரப்பு உடைந்து, வயலில் நின்ற நீரெல்லாம் வெளியே ஓடிவிடும். தசைச் செல்லின் உறையும் அப்படித்தான்.

மயக்கம் கொடுக்கும்போது மூச்சுக்குழாயில் குழல் செலுத்தத் தசைகளைத் தளர்த்த வேண்டும். அதற்குப் போடும் சக்சமெத்தோனியம் ஊசி, தளர்த்துவதற்கு முன் எல்லாத் தசைகளையும் ஒருமுறை தூண்டிவிடுகிறது. பலவீனமான உறை அதைத் தாங்காது. உள்ளிருக்கும் பொட்டாசியம் ரத்தத்தில் கொட்டுகிறது. இதயத்துடிப்பு தாறுமாறாகி நின்றே போகலாம்.

நோய் இருப்பதே தெரியாத சிறுவர்களுக்கும் இப்படி நேர்ந்திருப்பதுதான் கொடுமை. அதனால் சிறுவர்களுக்கு இம்மருந்தை அவசர நிலையில் மட்டுமே பயன்படுத்தும்படி அமெரிக்காவில் 1990களில் எச்சரிக்கை வந்தது.

முகமூடி வழியே தரும் மயக்க வாயுக்களும் இத்தசைகளைச் சிதைக்கக்கூடும். ஆகவே ரத்தக்குழாய் வழியே புரோப்போஃபால் போன்றவற்றைத் தருவதையே மருத்துவர்கள் விரும்புகிறார்கள்.

உங்கள் குழந்தை தாமதமாக நடந்ததா? தொடையில் கையூன்றி எழுகிறதா? கெண்டைக்கால் பருத்திருக்கிறதா? எவ்வளவு சிறிய அறுவைச் சிகிச்சையானாலும் மயக்கவியல் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.