பைங்கிளியைப் பயிலும் பாதை

கிளியை அறியாத தமிழர் இலர். குறிஞ்சி நிலத்து மகளிர் தழல், தட்டை, குளிர் முதலிய கருவிகளை ஒலித்துத் தினைப்புனத்தில் கிளி கடிந்த செய்தியைச் சங்க இலக்கியம் பலபடப் பேசுகின்றது. கிள்ளை, தத்தை, சுகம் எனப் பல பெயர்களால் நம் மொழி அதனை அழைத்து மகிழ்ந்தது. மீனாட்சியம்மையின் கையிலும் ஆண்டாளின் கையிலும் சிற்பிகள் அதனை அமர்த்தினர். ஆயினும் இத்துணை நெருக்கமான பறவையைப் பற்றி நாம் அறிந்து வைத்திருப்பது எவ்வளவு? நம் ஊர்க் கிளிகள் எத்தனை? அவை எங்கே கூடு வைக்கின்றன? சென்ற பத்தாண்டுகளில் பெருகினவா, குறைந்தனவா? இவ்வினாக்களுக்கு ஊரிலே விடை கூறுவார் அரியர்.

கோவையிலோ ஈரோட்டிலோ முதுகலை பயிலும் மாணவர் ஒருவர், "நான் கிளிகளை ஆராயப் போகிறேன்" என்று வீட்டில் சொன்னால், "கிளியைப் படித்தால் சோறு கிடைக்குமா?" என்னும் கேள்வியே முதலில் எழும். இக்கேள்வி நகைத்து ஒதுக்கத்தக்கதன்று. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்த பிள்ளைக்கு அது வாழ்க்கைச் சிக்கல். எனவே, கிளிகளிடம் ஆராய்வதற்கு என்ன இருக்கிறது, அவ்வாராய்ச்சிக்கு வழி எது என்னும் இரண்டனையும் இக்கட்டுரையில் நாம் விளக்க முற்படுகின்றோம்.

நம் மண்ணின் கிளிகள்

கொங்கு நாட்டின் சமவெளியில் நாம் நாளும் காண்பது செந்தார்ப் பைங்கிளி. ஆணின் கழுத்தில் கருமையும் இளஞ்சிவப்பும் கலந்த வளையம் உண்டு. பெண்ணுக்கும் இளம்பறவைக்கும் அது தெளிவாக இராது. வால் உட்பட ஏறத்தாழ 40 செ.மீ. நீளமுடையது. இவ்வினத்தில் ஆப்பிரிக்காவில் இரண்டும் ஆசியாவில் இரண்டுமாக நான்கு உள்ளினங்களை அறிஞர் வகுத்துள்ளனர். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வாழ்வது அவற்றுள் ஒன்று.

மலையடிவாரத்து இலையுதிர் காடுகளை நெருங்கினால் செந்தலைக் கிளியைக் காணலாம். ஆணின் தலை பழுத்த நாவற்பழமும் செம்மையும் கலந்தாற்போன்ற நிறமுடையது. பெண்ணின் தலை சாம்பல் நிறமானது. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக்காடுகளுக்குள் சென்றால் நீலப் பைங்கிளி வாழ்கின்றது. இப்பறவை மேற்குத் தொடர்ச்சி மலையில் அன்றி உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழ்வதில்லை. இம்மூன்றனோடு, சிட்டுக்குருவியளவே உள்ள சின்னக்கிளியும் மலைக்காடுகளில் உண்டு. வௌவாலைப் போலத் தலைகீழாகத் தொங்கி உறங்குவது அதன் இயல்பு. கூட்டுக்கு வேண்டிய இலைத் துணுக்குகளை அதன் பெடை முதுகின் பின்புற இறகுகளுக்கிடையே செருகிக்கொண்டு பறப்பது வியப்புக்குரியது.

இவை நான்கும் கூடு பின்னுவதில்லை, பொந்துகளில் முட்டையிடுகின்றன. மரங்கொத்தியும் குக்குறுவானும் குடைந்து கைவிட்ட பொந்துகள், பட்டுப்போன பனை தென்னைகளின் துளைகள், முதுமரங்களின் இயற்கைக் குழிகள் ஆகியனவே இவற்றின் வீடுகள். செந்தார்ப் பைங்கிளி பழைய சுவர்களின் துளைகளையும் கோபுர இடுக்குகளையும் விட்டுவைப்பதில்லை. உணவு எவ்வளவு மிகுந்திருப்பினும் பொந்து இல்லையேல் அடுத்த தலைமுறை இல்லை. கிளி ஆராய்ச்சியின் பெரும்பகுதி இந்த ஓர் உண்மையைச் சுற்றியே அமைகின்றது.

அயல் மண்ணில் நம் கிளி

ஒரு நாட்டிற்கு உரியதல்லாத பறவையை மனிதர் அங்குக் கொண்டுசெல்ல, அது கூண்டிலிருந்து தப்பியோ விடுவிக்கப்பட்டோ வெளியேறி, தானே இனம்பெருக்கி நிலைத்துவிடுவதுண்டு. இத்தகையவற்றைக் குடியேறி நிலைத்த பறவைகள் எனலாம். நம் செந்தார்ப் பைங்கிளி இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. பெல்ஜியம் நாட்டின் பிரஸ்ஸல்ஸ் நகரில் 1974 ஆம் ஆண்டு ஒரு கேளிக்கைப் பூங்காவிலிருந்து ஏறத்தாழ 40 கிளிகள் வெளியே விடப்பட்டன. இன்று அந்நகர வானில் ஆயிரக்கணக்கான கிளிகள் பறக்கின்றன. இங்கிலாந்தில் 1855 ஆம் ஆண்டிலேயே ஓரிடத்தில் இவை கூடுவைத்தமை பதிவாகியுள்ளது. 1960களின் இறுதியிலிருந்து இலண்டனைச் சுற்றி நிலைபெறத் தொடங்கின. 1983 இல் அந்நாட்டுப் பறவைப் பட்டியலிலேயே இடம்பெற்றுவிட்டன.

இலண்டனுக்குக் கிளி வந்தது எவ்வாறு என்பது பற்றிக் கட்டுக்கதைகள் பல. புகழ்பெற்ற கிட்டார் இசைக்கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் ஓர் இணையைப் பறக்கவிட்டார் என்பது ஒன்று. 1951 ஆம் ஆண்டுத் திரைப்படம் ஒன்றின் படப்பிடிப்பிலிருந்து தப்பின என்பது மற்றொன்று. குற்றவாளியின் இருப்பிடத்தைக் கண்டறியக் காவல்துறையினர் பயன்படுத்தும் நிலவியல் கணிப்பு முறையைக் கிளிகள் தென்பட்ட பதிவுகளின்மேல் செலுத்திப் பார்த்த ஆய்வொன்று 2019 இல் வெளிவந்தது. அக்கதைகளுக்குச் சான்றில்லை என்றும், பல இடங்களில் பலமுறை தப்பிய வளர்ப்புப் பறவைகளே மூலம் என்றும் அது காட்டிற்று.

இங்கிலாந்தின் கென்ட் பல்கலைக்கழகத்தில் ஹேசல் ஜாக்சன் என்பார் தம் முனைவர் பட்ட ஆய்வுக்கு இக்கிளியையே எடுத்துக்கொண்டார். ஐரோப்பியக் கிளிகளின் இறகுகளிலிருந்தும், அருங்காட்சியகங்களில் பாதுகாக்கப்பட்ட பழைய பறவைத் தோல்களிலிருந்தும் மரபணுக் கூறுகளை எடுத்து ஒப்பிட்டனர். ஐரோப்பாவில் நிலைத்த கிளிகளின் முன்னோர் பெரும்பாலும் பாகிஸ்தான், வட இந்தியப் பகுதிகளிலிருந்து சென்றவை என்பது 2015 இல் வெளியான அவ்வாய்வின் முடிவு. தாயகத்தின் குளிர்ந்த பகுதியிலிருந்து சென்றவை குளிர்நாட்டில் தழைத்தன என்னும் கருத்துக்கு அது வலுவூட்டிற்று. கீழுதிர்ந்த ஓர் இறகு, ஒரு கண்டத்தின் பறவை வாணிக வரலாற்றையே உரைத்துவிட்டது!

குடியேறிய கிளிகள் தீங்கின்றி வாழ்கின்றனவா? பெல்ஜியத்தில் கிளிகள் மிகுந்த இடங்களில், பொந்தில் கூடுவைக்கும் நட்ஹேட்ச் என்னும் சிறுபறவை குறைந்தமையை ஆய்வாளர் கண்டனர். ஸ்பெயினின் செவில் நகரப் பூங்காவில் பெரிய வௌவால் இனம் ஒன்றைக் கிளிகள் தாக்கிப் பொந்துகளைக் கைப்பற்றியதும் ஆராயப்பட்டது. அமெரிக்காவிலோ, 2019 ஆம் ஆண்டு ஆய்வின்படி, கூண்டுக்கு வெளியே தென்பட்ட அயற்கிளி இனங்கள் 56. அவற்றுள் 25 இனங்கள் அங்கேயே இனம்பெருக்குகின்றன.

இங்கே நாம் ஒன்றைக் கருதிப் பார்த்தல் வேண்டும். நம் கிளியைப் பற்றிப் பிரஸ்ஸல்ஸிலும் இலண்டனிலும் முனைவர் பட்டங்கள் பெறப்படுகின்றன. அது வெளிநாட்டில் எதை உண்ணும், யாரை விரட்டும் என்று அறிய வேண்டுமெனில், தாயகத்தில் எதை உண்டது, யாரோடு பொந்தைப் பங்கிட்டது என்று முதலில் அறிய வேண்டாவா? அவ்விடை நம் வயல்வரப்பில் கிடக்கின்றது. அதனை எடுக்கத்தக்கவர் நம் மாணவரே.

சாலிம் அலி காட்டிய வழி

இத்துறையில் நுழைவார்க்குச் சாலிம் அலியின் (1896–1987) வாழ்க்கை ஒரு பாடம். இளமையில் தாம் சுட்ட மஞ்சள் தொண்டைச் சிட்டு எவ்வகையது என அறிய விரும்பிப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் படியேறினார். அதன் செயலாளர் மில்லார்டு கடிந்துகொள்ளாமல் பாடம் செய்யப்பட்ட பறவைகளைக் காட்டிக் கற்பித்தார். முறையான பல்கலைக்கழகப் பட்டம் இன்மையால் பிற்காலத்தில் அரசுப்பணி கைகூடவில்லை. 1926 இல் பம்பாய் அருங்காட்சியகத்தில் விளக்கவுரையாளர் பணி கிட்டியது. விடுப்பெடுத்து ஜெர்மனி சென்று பெர்லினில் பேரறிஞர் ஸ்ட்ரெசமானிடம் பயின்றார். 1930 இல் திரும்பியபோது அப்பணியிடமே நீக்கப்பட்டிருந்தது.

வேலையிழந்தவர் கடற்கரைச் சிற்றூராகிய கிஹிமில் தங்கினார். அருகே தூக்கணாங்குருவிகள் கூடு பின்னிக்கொண்டிருந்தன. நாள்தோறும் இருந்து நோக்கிக் குறித்தார். ஓர் ஆண் பல கூடுகளை அடுத்தடுத்துக் கட்டிப் பல பெடைகளோடு இணையும் முறையை விளக்கிய அவ்வாய்வே அவருக்குப் பெயர் தேடித் தந்தது. எல்லோரும் நாளும் கண்ட, எவரும் நின்று பார்க்காத எளிய பறவை அது. நம் கிளியும் அத்தகையதே.

அவர் பெயரால் 1990 இல் தொடங்கப்பெற்ற பறவையியல் மற்றும் இயற்கை வரலாற்று மையம் கோவையை அடுத்த ஆனைகட்டியில் அமைந்துள்ளது. 2023 முதல் அது டேராடூன் இந்திய வனவுயிரின நிறுவனத்தோடு இணைக்கப்பட்டுள்ளது. நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் ஆய்வாளர் தேடிவரும் இந்நிறுவனம் நம் வீட்டு வாசலிலேயே இருப்பது கொங்கு நாட்டு மாணவர்க்கு வாய்த்த பேறு.

பயிலும் படிகள்

முதற்படி பெயரறிதல். தமிழ்ப் பேராசிரியர் க. ரத்னம் 'தமிழ்நாட்டுப் பறவைகள்', 'தமிழில் பறவைப் பெயர்கள்' ஆகிய நூல்களை ஆக்கித் தந்துள்ளார். பறவை நூல் எழுத விலங்கியல் பட்டம் வேண்டும் என்பதில்லை என்பதற்கு அவரே சான்று. தமிழ்த்துறை மாணவர் ஊர்ப்பெரியவர்களிடமும் மலைவாழ் மக்களிடமும் வழங்கும் பறவைப் பெயர்களைத் தொகுத்தாலே அது பெருந்தொண்டு.

இரண்டாம் படி குறிப்பேடு. நாள், நேரம், இடம், எண்ணிக்கை, செயல் என ஐந்தனை நாள்தோறும் எழுதுதல். பொங்கல் விடுமுறையில் நிகழும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் எவரும் பங்கேற்கலாம்.

மூன்றாம் படி முறையான கல்வி. வனவுயிரியல் முதுகலைப் படிப்பு உதகை அரசு கலைக் கல்லூரியிலும், மயிலாடுதுறையை அடுத்த மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியிலும் பயிற்றுவிக்கப்பட்டு வருகின்றது. விலங்கியல், தாவரவியல், சுற்றுச்சூழலியல் பயின்றோரும் இத்துறைக்கு வரலாம். தேசியத் தகுதித் தேர்வில் இளநிலை ஆய்வு உதவித்தொகை பெற்றால் முனைவர் பட்டக் காலத்துச் செலவுக்குக் கவலையில்லை. புள்ளியியலைக் கண்டு அஞ்சுவோர் அவ்வச்சத்தை நீக்கிக்கொள்ளல் வேண்டும். எண்ணாத பறவையியல் வெறும் வியப்பாகவே நின்றுவிடும்.

நான்காம் படி களப்பணி. கிளிகள் மாலையில் கூட்டங்கூட்டமாக ஒரே தோப்பில் வந்தடையும். திசைக்கொருவராக நின்று, கதிர் மறையுமுன் தொடங்கி இருளும்வரை வரும் பறவைகளை எண்ணினால் அவ்வட்டாரத்துக் கிளிகளின் தொகை ஓரளவு புலப்படும். ஆண்டின் முதல் மாதங்களில் பொந்துகளை நோக்கி, எத்தனை பொந்து, எம்மரத்தில், எவ்வுயரத்தில், எத்தனை குஞ்சு பறந்தது எனக் குறிக்கலாம். நீண்ட கழியின் முனையில் சிறு கேமராவைக் கட்டிப் பொந்தினுள் காணும் முறையும் உண்டு. பறவையைக் கையால் பிடிக்கவோ வளையமிடவோ வனத்துறையின் எழுத்து வழி இசைவு கட்டாயம் வேண்டும்.

ஏன் இந்த உழைப்பு?

நம் சாலையோரத்துப் புளியும் ஆலும் வேம்பும் விரிவாக்கத்தின்போது வீழ்கின்றன. வீழ்ந்த மரத்திற்கு ஈடாகக் கன்று நடலாம். ஆனால் கன்றில் பொந்து இல்லை. பொந்து உண்டாக மரம் முதுமையெய்த வேண்டும். பட்ட பனையை விறகுக்கும் சூளைக்கும் வெட்டும்போது எத்தனை கூடுகள் அழிகின்றன என்று எண்ணிச் சொல்ல ஆள் இல்லையெனில், மரத்துக்காகப் பேசுவோர் கையில் கண்ணீர்தான் இருக்கும், கணக்கு இராது. அதிகாரியின் மேசைமேல் கணக்கே பேசும்.

மறுபுறம் உழவர் இருக்கின்றனர். சோளமும் மக்காச்சோளமும் சூரியகாந்தியும் கொய்யாவும் கிளியின் அலகுக்குத் தப்புவதில்லை. கதிர் முற்றும் பருவத்தில் விடியற்காலை முதல் வெடி வைத்தும் ஒளிரும் நாடா கட்டியும் காவல் காக்கும் உழவரிடம் கிளியின் அழகைப் பாடினால் அவர் முகம் சுளிப்பார், அது நியாயமே. எப்பருவத்தில், எவ்வயலில், எவ்வளவு இழப்பு என அளந்து, கொல்லாமல் காக்கும் வழியை அவருக்கு உரைத்தலும் ஆய்வு மாணவரின் கடன். தினைப்புனத்துச் சிக்கல் இன்னும் தீர்ந்தபாடில்லை.

மூன்றாவது கூண்டு. 1972 ஆம் ஆண்டு வனவுயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி நம் நாட்டுக் கிளிகளைப் பிடித்தலும் விற்றலும் வீட்டில் அடைத்து வளர்த்தலும் குற்றம். ஆயினும் பலர் இதனை அறியார். இறகு முளையாக் குஞ்சுகளைப் பொந்திலிருந்து எடுப்போர், பல நேரம் பொந்தையே பிளந்துவிடுவதால் அடுத்த ஆண்டின் கூடும் அழிகின்றது. கிளி சோதிடத்தையே நம்பி வாழ்ந்த எளிய குடும்பங்களுக்கு மாற்றுத் தொழில் யாது என்னும் வினாவும் இதனோடு பிணைந்தது. சட்டத்தை மட்டும் காட்டி அதனை முடித்துவிட இயலாது.

"சோறு கிடைக்குமா?" என்னும் கேள்விக்கு மெய்யான விடை கூறிவிடுவோம். இத்துறையில் நிலையான பணியிடங்கள் சிலவே. பலர் மூன்றாண்டு, ஈராண்டுத் திட்டங்களில் தொகுப்பூதியத்தில் பணிபுரிகின்றனர். எனினும் வனத்துறைத் தேர்வுகள், கல்லூரி ஆசிரியப்பணி, சுற்றுச்சூழல் மதிப்பீட்டு நிறுவனங்கள், அருங்காட்சியகங்கள் எனக் கதவுகள் பல உண்டு. எளிய வழியன்று, அடைபட்ட வழியும் அன்று. இதனை அறிந்து நுழைபவர் தளர்வதில்லை.

மாணவ நண்பர்களே! கிளி சொன்னதைச் சொல்லும் என்பர். சொல்லாததையும் அது சொல்லிக்கொண்டிருக்கின்றது: எம்மரம் வீழ்ந்தது, எவ்வயல் மாறிற்று, எந்நகரம் வளர்ந்தது என்று. கேட்டு எழுதுவதற்கு ஒரு குறிப்பேடும் பொறுமையும் போதும். உங்கள் ஊரில் எத்தனை கிளிப்பொந்துகள் உள்ளன என்னும் கணக்கை இவ்வாண்டே நீங்கள் தொடங்கலாம்.